நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் ஆறாத புண்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் பெண்மணியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர், சரியான வயது மூன்றையும் விட்டுவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் விவரமும் நடந்த வரிசையும் மாறவில்லை. மனிதரைச் சுற்றியுள்ள சூழல் அவருடைய மரபணுக்களின் செயல்பாடு வரை எட்டிப் பார்க்கிறது என்று பேச்சு நிறைய அடிபடுகிறது. அந்த அறிவு ஒரு சாதாரணக் கட்டுப் போடும் அறையில் எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பதைப் பதிவு செய்வதுதான் நோக்கம்.

பின்னணி

அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. கணவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவரால் பிறர் உதவியில்லாமல் குளிக்கவோ உடுத்திக்கொள்ளவோ முடியாது. ஆனால் நடமாட்டம் நன்றாகவே இருந்தது. பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும். இரவில் பலமுறை எழுந்து, 'வேலைக்கு நேரமாச்சு' என்று வாசல் கதவைத் திறக்கப் போவார். வீட்டில் இருந்தது இவர்கள் இருவர் மட்டும். ஒரே மகன் அதே நகரத்தில் தனிக்குடித்தனம் இருந்தார். செலவுக்குக் குறை வைக்காதவர். வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஓர் இரவு கணவர் எழுந்த சத்தம் கேட்டு, விளக்கைக்கூடப் போடாமல் ஓடியதில், கட்டிலின் இரும்பு முனை இவரது இடது கணைக்காலில் இடித்துத் தோல் கிழிந்தது. சின்னக் காயம்தான். பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டிக் களிம்பு போட்டார். இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது அது ஏறக்குறைய 3 செ.மீ. நீளப் புண்ணாக, வெளிறிய அடிப்பாகத்தோடு, ஓரங்கள் தடித்து நின்றது.

முதலில் தேடியவை

மூன்று மாதம் ஆறாத புண் என்றால் தேட வேண்டியவற்றை வரிசையாகத் தேடினோம். சுகர் இல்லை. கால் ரத்த ஓட்டத்தை அளக்கும் கணுக்கால்-கை அழுத்த விகிதம் 1.0, அதாவது சரியான அளவு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சிரை நாளங்களின் வால்வுகளில் சொல்லும்படியான கசிவு இல்லை. பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. புண்ணில் கிருமித் தொற்று என்று சொல்லத்தக்க அடையாளமும் இல்லை. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினோம்.

இவற்றோடு சேர்ந்து, அப்போதைக்கு எதோடும் பொருந்தாத சில விஷயங்களும் குறிப்பேட்டில் இருந்தன. பிரஷர் 150/94. ஓராண்டில் ஆறேழு கிலோ எடை குறைந்திருந்தது. உடம்பில் அழற்சி, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை, இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு, திரும்பத் திரும்பப் பார்த்தபோதும் சற்று மேலேயே நின்றது. 'போன வருஷத்திலேர்ந்து சளி விட்டபாடில்லை' என்று அவரே சொன்னதையும் எழுதி வைத்திருந்தோம்.

முறையான கட்டும் ஈரப்பதம் காக்கும் மருந்தும் வைத்துச் சில வாரங்கள் பார்த்தோம். புண் பெரிதாகவில்லை, சிறிதாகவும் இல்லை.

கட்டு மாற்றும்போது தெரிந்தது

திருப்பம் வந்தது எங்கள் செவிலியரால். கட்டு மாற்றும் நேரம் முழுவதும் அந்த அம்மா வலது கையை மூடியே வைத்திருப்பதை அவர் கவனித்தார். வீட்டுச் சாவி அந்தக் கைக்குள் இருந்தது. கணவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். பஞ்சைக் கையில் எடுத்ததுமே 'இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்பார். பத்து நிமிடத்துக்குமேல் அவரை உட்கார வைக்க முடிந்ததில்லை.

செவிலியர் கவனித்த இன்னொன்றுதான் மருத்துவ ரீதியாகப் பெரியது. அந்த அம்மா வருவது எப்போதும் காலை நேரத்தில். அந்த நேரத்திலேயே இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பகலெல்லாம் நின்றுகொண்டே இருப்பவருக்குச் சாயங்காலம் கால் வீங்குவது வழக்கம். இரவு படுத்து எழுந்தால் அது வடிந்திருக்க வேண்டும். இவருக்குக் காலையில்தான் அதிகம். இருதயம், சிறுநீரகம் இரண்டிலும் கோளாறு இல்லை என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று.

செவிலியர் கேட்டார்: "ராத்திரி எப்படிம்மா படுக்கிறீங்க?"

"எங்கே சிஸ்டர் படுக்கிறது? வாசக்கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வெளியே போகணும்னா என்மேல இடிச்சுத்தானே போகணும்? அப்போ முழிச்சுக்குவேன்."

ஓராண்டுக்கும் மேலாக அப்படித்தான். படுக்கையில் உடம்பை நீட்டித் தூங்கியது எப்போது என்று அவருக்கு நினைவில்லை.

அதன்பின் எங்கள் சமூகப் பணியாளர் அவரோடு தனியாகப் பேசினார். ஒரு நாளில் யாரோடெல்லாம் பேசுவீர்கள் என்று கேட்டதற்கு, "அவர்கிட்டதான். ஆனா பாதி நாள் நான் யாருன்னே அவருக்குத் தெரியாது" என்றார். கூட வேலை பார்த்த தோழிகள் முதலில் வந்துகொண்டிருந்தார்கள். புதியவர்களைக் கண்டால் கணவர் மிரள்கிறார் என்று இவரே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகனிடம் சொல்வதில்லையா என்றால், "அவனுக்கும் குடும்பம் இருக்கு. சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். அழவில்லை, குறைப்படவும் இல்லை. ஒரு வேலை நிலவரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஏன் இந்தத் திசையில் யோசித்தோம்

இந்த இடத்தில் எங்களுக்கு ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995-இல் வெளியிட்டது. மறதி நோய் உள்ள உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள், வயதும் குடும்ப வருமானமும் அவர்களை ஒத்த வேறு 13 பெண்கள். எல்லோருக்கும் தோலில் 3.5 மி.மீ. அளவுள்ள ஒரே மாதிரிக் காயம் செய்து, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பராமரிப்பாளர்களுக்குச் சராசரியாக 48.7 நாள், மற்றவர்களுக்கு 39.3 நாள். ஒன்பது நாள் வித்தியாசம். அதே காயம், அதே மருந்து, வேறு வாழ்க்கை.

அந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. பராமரிப்பாளர்களின் ரத்த வெள்ளணுக்களை எடுத்துக் கிருமியின் மேலுறைப் பொருளைக் கொண்டு தூண்டிப் பார்த்தார்கள். இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ., அதாவது அந்த மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகல், மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. காயம் பட்ட முதல் சில நாட்களில் சுத்தம் செய்யும் உயிரணுக்களை அங்கே வரவழைப்பது இந்தப் புரதம். இதே குழு 1998-இல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் சிறு காயம் செய்து பார்த்தது. விடுமுறையில் ஆறியதைவிடத் தேர்வுக் காலத்தில் ஆற 40 சதவீதம் கூடுதல் காலம் பிடித்தது. அங்கேயும் அதே மரபணுவின் நகல் குறைந்திருந்தது.

மரபணு என்றால் பிறக்கும்போதே எழுதி முடித்த தலையெழுத்து என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எழுத்து மாறுவதில்லை என்பது சரி. ஆனால் எந்த உயிரணுவில், எந்த நேரத்தில், எந்த மரபணு எவ்வளவு நகலெடுக்கப்படுகிறது என்பது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்டீவ் கோல், ஜான் கசியோப்போ முதலானவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சமூக வாழ்க்கையோடு நேரடியாகச் சேர்த்துக் காட்டியது. சிகாகோவில் நடந்துவந்த ஒரு நீண்டகால ஆய்வில் இருந்து 14 பேரின் வெள்ளணுக்களை எடுத்தார்கள். வருடக்கணக்காகத் தனிமையை உணர்ந்தவர்களுக்கும் அப்படி உணராதவர்களுக்கும் இடையே 209 மரபணு நகல்களின் அளவு வேறுபட்டது. தனிமையில் இருந்தவர்களிடம் அழற்சியைக் கூட்டுபவை ஏறியிருந்தன. வைரஸை எதிர்ப்பவையும் எதிர்ப்பொருள் உண்டாக்குபவையும் இறங்கியிருந்தன. வறுமை, துணையை இழத்தல் போன்ற வேறு இக்கட்டுகளிலும் ஏறத்தாழ இதே போக்கு பின்னர் காணப்பட்டது.

செய்தி வீட்டிலிருந்து அணுவுக்குள் எப்படிப் போகிறது? இரண்டு வழிகள் ஓரளவு தெளிவாகியிருக்கின்றன. ஒன்று, ஆபத்து நேரத்தில் உடம்பை உஷார்படுத்தும் பரிவு நரம்புகள். இவை எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும்கூடப் போய் முடிகின்றன. எந்நேரமும் உஷாராக இருக்கும் ஒருவரின் உடலில் இந்த நரம்பு முனைகள் நார்-எபிநெப்ரின் என்ற வேதிப்பொருளை விடுகின்றன. வெள்ளணுவின் மேலுள்ள பீட்டா ஏற்பி அதை வாங்கி உள்ளே தகவல் அனுப்ப, சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில அடங்குகின்றன. இன்னொன்று கார்ட்டிசால். அழற்சியை அடக்கச் சொல்லும் ஹார்மோன் அது. நெருக்கடி நாள்கணக்கில் நீண்டால், ஓயாமல் தட்டப்படும் கதவுச் சத்தத்துக்குப் பழகிப்போன வீட்டார்போல அணுக்கள் அதைச் சட்டை செய்வதில்லை. கிரகரி மில்லர் குழு 2008-இல் மூளைப் புற்றுநோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தார் 11 பேரை, அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத 10 பேரோடு ஒப்பிட்டபோது இதைத்தான் பார்த்தது. கார்ட்டிசால் அளவு வேறுபடவில்லை. ஆனால் கார்ட்டிசாலுக்குக் கட்டுப்பட வேண்டிய மரபணுக்கள் மந்தமாகவும், அழற்சியைத் தூண்டும் என்.எஃப்.-கப்பா-பி வழியில் வருபவை சுறுசுறுப்பாகவும் இருந்தன.

இங்கே ஒரு முரண் தெரியும். உடம்பு முழுக்க அழற்சி கூடியிருக்கிறது என்கிறோம், புண்ணில் மட்டும் தேவையான அழற்சி போதவில்லை என்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ரத்தத்தில் தேவையில்லாத சலசலப்பு நாள் முழுக்க மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது, காயம் பட்ட இடத்தில் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வேகம் வருவதில்லை. எங்கள் நோயாளியிடம் சி.ஆர்.பி. உயர்வும், ஆறாத புண்ணும், விடாத சளியும் சேர்ந்து நின்றதை இந்தச் சித்திரத்துக்குள் வைத்துப் பார்க்க முடிந்தது. சளி விஷயத்திலும் சான்று உண்டு. ஷெல்டன் கோஹன் 1997-இல் 276 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்தார். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வகை உறவுத் தொடர்புகள் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், மூன்று அல்லது அதற்குக் குறைவாக உள்ளவர்களுக்குச் சளி பிடிக்கும் ஆபத்து நான்கு மடங்குக்குமேல் இருந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவருடைய மரபணுச் செயல்பாட்டை நாங்கள் அளக்கவில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் குழுக்களின் சராசரியைப் பேசுபவை, பலவும் சிறியவை. அவை எங்களுக்கு ஒரு திசையைக் காட்டின, அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: காலுக்கு அழுத்தக் கட்டு. ரத்த ஓட்ட விகிதம் சரியாக இருந்ததால் தயங்க வேண்டியிருக்கவில்லை. வீக்கத்துக்குக் காரணம் தொங்கவிட்ட கால் என்று தெரிந்தபின் அது வெளிப்படையான தேவை.

இரண்டாவது: தூக்க மாத்திரை வேண்டாம். கேட்டது அவரல்ல, மகன். ஆனால் அவர் தூங்காமல் இருப்பது தூக்கம் வராததால் அல்ல. தூங்கினால் கணவர் வெளியே போய்விடுவார் என்பதால். மாத்திரை அந்தப் பயத்தை நிஜமாக்கிவிடும், இருட்டில் விழும் ஆபத்தையும் கூட்டும்.

மூன்றாவது: பீட்டா ஏற்பியை அடைக்கும் மாத்திரையை இந்த நோக்கத்துக்காகக் கொடுப்பதில்லை. எங்கள் குழுவில் இளைய மருத்துவர் ஒருவர் கேட்ட நியாயமான கேள்வி இது. வழி பரிவு நரம்பு என்றால், அந்த வழியை மருந்தால் அடைத்தால் என்ன? எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெறுபவர்களிடம் புரோப்ரனலால் என்ற அத்தகைய மாத்திரையைக் கொடுத்து இந்த மரபணுப் போக்கு குறைவதைச் சிறிய ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் புண் ஆற அது உதவும் என்பதற்கு அது சான்றாகாது. தவிர, நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழிக்கும் ஒருவரை அப்படியே விட்டுவிட்டு அவர் நரம்பை மட்டும் அடக்குவது சரியான சிகிச்சை என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது: அவருடைய இரவை மாற்றுவது, அதற்கு மகனைக் கூப்பிட்டுப் பேசுவது. முதலில் அந்த அம்மா மறுத்தார். "புண்ணுக்கு மருந்து போடுங்க, போதும். வீட்டு விஷயம் எதுக்கு?" என்றார். அவர் புண்ணும் வீட்டு விஷயம்தான் என்று செவிலியர் பொறுமையாக, வாரங்களில் பல முறை, எடுத்துச் சொன்னார். மகனிடம் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொண்டோம். 'அவன் மனசு நோகக்கூடாது' என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

மகன் வந்தபோது புண்ணின் படங்களைத் தேதி வாரியாக வைத்துக் காட்டினோம். வாரத்துக்கு ஒரு படம், எல்லாம் ஒரே அளவு. நாற்காலி விஷயத்தைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. அவருக்கு அது தெரியாது. வாரம் ஒருமுறை பகலில் வந்து போகிறவருக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. அப்புறம் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள் என்பதால் பதிலோடு பதிவு செய்கிறேன்.

"அம்மாவுக்கு மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா சார்?" எடுப்பதில் பயனில்லை. இன்ன அளவுக்குமேல் போனால் இன்ன சிகிச்சை என்று சொல்ல ஓர் எல்லைக்கோடு மருத்துவமனைப் பயன்பாட்டில் கிடையாது. முடிவு எதுவாக வந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதான்.

"இது என் பிள்ளைகளுக்கும் வருமா?" வெள்ளணுக்களில் நடப்பது பரம்பரையாகப் போகும் மாற்றம் அல்ல. அந்த அணுக்களில் பலவற்றின் ஆயுள் சில நாட்கள்தான். புதியவை பிறந்துகொண்டே இருக்கும், பிறக்கும் நேரத்துச் சூழலுக்கு ஏற்ப நடந்துகொள்ளும். அதனால்தான் சூழலை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது என்று சொன்னோம். குரங்குகளில் இது நேராகவே பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. ஜெனி டங் முதலானோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 45 பெண் ரீசஸ் குரங்குகளை ஐந்தைந்தாகப் பிரித்துக் கூட்டம் சேர்த்தார்கள், ஓராண்டு கழித்துக் கூட்டங்களைக் கலைத்து மாற்றினார்கள். கீழ்ப்படியில் இருந்தவற்றுக்கு அழற்சி மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தன. படிநிலை மாறியபோது மரபணுச் செயல்பாடும் அதன் பின்னாலேயே மாறியது.

முதல் ஏற்பாடு நிலைக்கவில்லை

இரவுக்கு ஒரு பணியாளரை மகன் அமர்த்தினார். முறையாகப் பயிற்சி பெற்றவர், நல்லவர். ஆனால் பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் ஒரு புது முகத்தைக் கண்டு கணவர் மிரண்டார். திருடன் என்று கத்தினார். அந்த அம்மா இரவு முழுக்க இருவரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். முன்பாவது நாற்காலியில் கண்ணயர்ந்தவர் இப்போது அதுவும் இல்லாமல் போனார். சீக்கிரமே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

'பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே' என்று அவர் சொன்னபோது அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. தான் இல்லாமல் நடக்காது என்பது உறுதியாகிவிட்ட நிம்மதி. இது கவனிக்க வேண்டிய இடம். பராமரிப்பாளரின் சுமையைக் குறைக்கப் போகிறவர்கள், அந்தச் சுமையோடு சேர்ந்தே அவருடைய மதிப்பும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இரண்டாவது ஏற்பாடு

இந்த முறை கணவரின் நாளை மணிக்கணக்காக எழுதித் தரச் சொன்னோம். எந்த நேரத்தில் எப்படி இருக்கிறார், யாரை ஏற்றுக்கொள்கிறார், இரவில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று அந்த அம்மாவே நோட்டில் எழுதினார். அதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைத்தன.

கணவர் சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரையை மாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரவில் எழுவதன் தொடக்கம் பெரும்பாலும் அதுதான். எழுந்த பிறகே வேலை நினைவு வருகிறது. அவருடைய மருத்துவரிடம் பேசி அந்த மாத்திரை காலைக்கு மாற்றப்பட்டது. காலை நேரத்தில் அவர் நிதானமாக, புதியவர்களோடுகூடச் சிரித்துப் பேசுபவராக இருந்தார். ஆகவே மறதி நோயாளிகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு வாரம் மூன்று காலை அனுப்ப முடிந்தது. மகனை அவர் அநேகமாக எப்போதும் தன் தம்பி என்று நினைத்தார். ஆனால் தம்பியை அவருக்குப் பிடிக்கும். வாரத்தில் இரண்டு இரவு மகன் வந்து தங்கத் தொடங்கினார்.

மீதி இரவுகளுக்குக் கதவில் ஒரு காந்த உணரி பொருத்தப்பட்டது. கதவு அசைந்தால் அந்த அம்மாவின் தலைமாட்டில் மணி அடிக்கும். இதில் இருந்ததிலேயே எளிய பொருள் அதுதான். நாற்காலி கதவுக்குக் குறுக்கேயிருந்து எழுந்ததும் அதனால்தான். முதல் சில இரவுகள் அவர் மணியை நம்பவில்லை. தானே கதவைத் திறந்து திறந்து சோதித்துப் பார்த்தாராம். பிறகு காலை உயர்த்தி வைத்துப் படுத்துத் தூங்கினார்.

பராமரிப்பாளர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றுக்கும் அழைத்தோம், வரவில்லை. 'என் கஷ்டமே போதும், பிறத்தியார் கஷ்டத்தையும் கேட்கணுமா?' என்றார். அதை வற்புறுத்தவில்லை. கணவர் மையத்துக்குப் போகும் ஒரு காலையில் பழைய தோழி ஒருவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அவரை அழைத்தது இவரேதான்.

விளைவு

படுத்துத் தூங்க ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் புண்ணின் அடிப்பாகம் வெளிறிய நிறம் மாறிச் சிவந்து, சிறு மணிகள்போலப் புதுத் திசு வந்தது. அதன்பின் ஓரங்கள் உள்நோக்கி நகர்ந்தன. பதினான்காவது வாரத்தில் புண் மூடியது. பிரஷர் மருந்தில்லாமலே 136/84-க்கு இறங்கியது. இழந்த எடையில் பாதி திரும்பியது. சி.ஆர்.பி. சரியான அளவுக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் சளி ஒருமுறை வந்து போனது.

எது ஆற்றியது? நேர்மையாகப் பதில் சொன்னால், பிரித்துச் சொல்ல முடியாது. அழுத்தக் கட்டும் உயர்த்திவைத்த காலும் வீக்கத்தை வடியச் செய்தன. வீங்கிய கால் ஆறாது, வடிந்த கால் ஆறும். இதற்கு மரபணு வரை போகவே வேண்டாம். இரும்புச்சத்தும் சாப்பாடும் தம் பங்கைச் செய்திருக்கும். தூக்கம் தன்னளவிலேயே எதிர்ப்பாற்றலை மாற்றும். தனிமையும் ஓயாத உஷார் நிலையும் குறைந்ததால் வெள்ளணுக்களின் நடத்தை மாறியிருக்கலாம் என்பது இவற்றோடு சேர்ந்த ஒரு நியாயமான ஊகம். முதல் சில வாரங்கள் நல்ல கட்டு போட்டும் புண் நகரவில்லை என்பதும், சளி குறைந்ததும் அந்த ஊகத்துக்குச் சாதகம். அழுத்தக் கட்டும் வீட்டு ஏற்பாடும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தொடங்கியது அதற்குப் பாதகம். ஆனால் எந்த வழியாகப் பார்த்தாலும் தொடக்கம் அந்த நாற்காலிதான். வீக்கம், தூக்கமின்மை, தனிமை, பயம் எல்லாம் அங்கேதான் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. வீட்டுச் சூழல் ஒரே வழியாகப் புண்ணுக்குள் போகவில்லை, பல வழிகளில் போனது.

சுமார் ஓராண்டு கழித்து நிமோனியா வந்து கணவர் காலமானார். அதோடு எங்கள் வேலை முடிந்ததாக நினைக்கவில்லை. கீகோல்ட்-கிளேசர் குழு 2003-இல் வெளியிட்ட ஆறாண்டு ஆய்வில், மறதி நோயுள்ள துணையைப் பராமரித்த 119 பேருக்கு இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம், அப்படிப் பராமரிக்காத 106 பேரைவிட நான்கு மடங்கு வேகத்தில் உயர்ந்தது. துணை இறந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வேகம் குறையவில்லை. பராமரிப்பு முடிந்தால் உடம்பு தானாகப் பழையபடி ஆகிவிடும் என்று எண்ண இடமில்லை. கணவர் மறைந்த பிறகு அந்த அம்மாவின் பிரஷர் மறுபடி ஏறியது. இப்போது மருந்து எடுக்கிறார். புண் திரும்பவில்லை. தூக்கம் இன்னும் சீராகவில்லை. கதவு மணியைக் கழற்ற அவருக்கு மனமில்லை, நாங்களும் கழற்றச் சொல்லவில்லை. தோழியோடு சேர்ந்து வாரத்தில் சில நாட்கள் நடக்கப் போகிறார்.

எங்கள் நடைமுறையில் மாறியவை

ஆறாத புண்ணோடு வருபவரிடம் சுகர், புகைப்பழக்கம் கேட்கும் அதே முதல் நாளில் இப்போது வேறு சில கேள்விகளும் கேட்கிறோம். இரவில் எங்கே, எந்த நிலையில் தூங்குகிறீர்கள்? உங்களை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள்? நீங்கள் இங்கே வந்திருக்கும் நேரத்தில் அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குபவரிடம் சமூகப் பணியாளர் அன்றே பேசுகிறார். கால் வீக்கத்தைப் பதியும்போது நேரத்தையும் எழுதுகிறோம்.

அழுத்தக் கட்டை வீட்டு ஏற்பாடுகளோடு சேர்த்துத் தொடங்காமல், முடிந்தவரை முன்னதாகவே தொடங்குகிறோம். நோயாளிக்கு நல்லது என்பது முதல் காரணம். எதனால் என்ன மாறியது என்று ஓரளவாவது பிரித்துப் பார்க்க முடியும் என்பது இரண்டாவது.

மரபணு பற்றி நோயாளியிடம் பேசும் விதத்தையும் கூடிப் பேசி முடிவு செய்தோம். 'மன அழுத்தம் உங்கள் மரபணுவை மாற்றுகிறது' என்று பொதுவாகச் சொன்னால், ஏற்கெனவே தூங்காத ஒருவருக்கு இன்னொரு பயம் சேரும். 'அப்போ நான்தான் காரணமா?' என்ற எண்ணமும் வரும். அந்த அம்மாவிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: நீங்கள் பலவீனமானவர் என்பதால் புண் ஆறாமல் இல்லை. இரவு பகலாக ஒரு காவல் வேலையை உங்கள் உடம்பு தனியாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்தக் காவலில் கொஞ்சத்தைப் பிறர் எடுத்துக்கொண்டால் உடம்புக்குப் புண்ணைக் கவனிக்க அவகாசம் கிடைக்கும். கவலைப்படாதீர்கள் என்று ஒருமுறைகூட அவரிடம் சொல்லவில்லை. அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

பகல்நேர மையத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. மகன் பக்கத்தில் இருந்தார், வரவும் சம்மதித்தார். இரண்டும் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் சரியான வழி இல்லை. கதவு மணியை மட்டும், தேவைப்படும் வீடுகளுக்கு இரவல் கொடுக்கச் சிலவற்றை வாங்கி வைத்திருக்கிறோம்.